மண்ணில் மிச்சமிருந்த வெயில்

வீட்டைச் சூடாக்குவது எப்படி என்று திருச்சியில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. குளிர்விக்கத் தெரியும். காலங்காலமாக அதையே செய்துவந்த ஊர் அது. சுவரின் உச்சியில் காற்றுப்போக்கி வைப்பார்கள், மொட்டைமாடிக்கு வெள்ளை அடிப்பார்கள், ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பார்கள். எதற்கும் அடங்காவிட்டால் ஏசி. வெயிலை எப்படி வாசலோடு நிறுத்துவது என்பதுதான் அந்த ஊர் வீடுகளின் ஒரே கவலை. அந்த வெயில் ஒருநாள் வராமலே போகும் என்று எந்தக் கொத்தனாரும் நினைத்துக் கட்டவில்லை.

உலகம் கொதிக்கிறதென்று நாடுகளெல்லாம் கூடிப் பேசி, மேல்வானத்தில் மெல்லிய தூள் ஒன்றைத் தூவியிருந்தார்கள். சூரியனுக்கு ஒரு திரை போட்டாற்போல. இரண்டு டிகிரி குறைந்தால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அது எங்கே பிசகியது என்று தொலைக்காட்சியில் இன்னும் விவாதம் நடந்துகொண்டிருந்தது. தூள் தானாகக் கீழே இறங்கிவிடும் என்றார்கள். எப்போது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அதற்குள் சித்திரை மாதத்துச் சூரியன், புரை விழுந்த கண் போல மங்கலாகத் தெரியத் தொடங்கியது. மார்கழியில் மலைக்கோட்டைப் படிகளில் உறைபனி படிந்தது. முசிறிப் பக்கம் வாழைத் தோட்டங்கள் கருகின.

மட்டுவார்குழலி தென்னூரில், உய்யக்கொண்டான் வாய்க்காலுக்குச் சற்றுத் தள்ளி, நான்கு மாடி அடுக்ககம் ஒன்றில் குடியிருந்தாள். மலைக்கோட்டை அம்மனின் பெயர். சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேருக்குப் பொறுமை போய்விடும் என்பதால் குழலி என்றே நிலைத்துவிட்டது. ரயில்வே பார்சல் அலுவலகத்தில் வேலை. அடுக்ககச் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். விரும்பி ஏற்ற பதவியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்துக்குத் தாமதமாகப் போனாள். உள்ளே நுழையும்போதே எல்லோரும் கைதட்டினார்கள். என்னவென்று விசாரித்தபோதுதான் தன்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது.

குளிர் வந்த முதல் வருடம் எல்லோரும் காற்றுப்போக்கிகளில் பழைய புடவைகளையும் தெர்மாகோலையும் அடைத்துச் சமாளித்தார்கள். அடுத்த வருடம் சமாளிக்க முடியாது என்று தெரிந்துபோனது. என்ன வாங்குவது என்பதைச் செயலாளர் முடிவு செய்யட்டும் என்றார்கள். அவள் ஒன்றைச் சொன்னால், அது ஏன் கூடாது என்பதற்கு மட்டும் எல்லோரிடமும் காரணம் இருந்தது.

சேதுநாராயணன் என்ற பொறியாளரை யாரோ அனுப்பிவைத்தார்கள். முன்பு வாழைக்காய்க் குளிர்பதனக் கிடங்குகள் கட்டியவர். வாழையே இல்லாத ஊரில் கிடங்கு எதற்கு? அதே படிப்பைத் திருப்பிப் போட்டு இப்போது வீடுகளைச் சூடாக்கும் தொழிலுக்கு வந்திருந்தார். அவர் கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக விளக்கினார்.

மூன்றாம் மாடியில் ஒருவருக்குத் தங்கை கனடாவில் இருந்தாள். அங்கே எல்லார் வீட்டிலும் ஃபர்னஸ்தான் என்று அவர் ஒரே பிடியாக நின்றார். அதாவது கீழே ஓர் அறையில் பெரிய அடுப்பு; எரிவாயுவில் எரியும். அந்தச் சூட்டில் காற்றைக் காயவைத்து, தகரக் குழல்கள் வழியாக ஒவ்வோர் அறைக்கும் மின்விசிறி தள்ளிவிடும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் உங்கள் வீட்டுக் கூரைக்கும் தலைக்கும் நடுவில் அந்தக் குழல் போக இடமில்லையே என்றார் சேதுநாராயணன். இன்னொன்று பாய்லர். காற்றுக்குப் பதில் தண்ணீரைக் காய்ச்சி, சுவரோரம் நிற்கும் இரும்புப் பட்டைகளுக்குள் சுற்றவிடுவது. அதற்கும் எரிக்க வேண்டும், புகை போக வழி வேண்டும். சும்மா ஒரு மின்சாரக் கம்பிச்சுருள் ஹீட்டர் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டால் என்ன என்று கேட்டார்கள். எல்லோரும் அதைத்தான் வாங்கினார்கள், அதனால்தான் போன மார்கழியில் தென்னூர் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது என்று அவர் நினைவூட்டினார்.

குழலிக்கு எல்லாமே சரியென்று பட்டது. அதுதான் தொல்லை. ஒருவர் பேசும்போது அவர் சொல்வது சரி, அடுத்தவர் வாயைத் திறந்ததும் இது சரி. கடைசியில், நீங்களாக இருந்தால் என்ன போடுவீர்கள் என்று அவரையே கேட்டாள்.

"ஹீட் பம்ப்," என்றார் அவர். "ஏசி என்ன மேடம் செய்யுது? உள்ள இருக்கிற சூட்டை எடுத்து வெளியில கொண்டுபோய்க் கொட்டுது. அதையே திருப்பி வச்சா வெளியில இருக்கிறதை எடுத்து உள்ள கொட்டும். அது சூட்டை உண்டாக்கறதில்ல. இடம் மாத்துது, அவ்வளவுதான்."

"வெளியிலதான் சூடே இல்லியே சார்."

"காத்துல கம்மி. மண்ணுக்குள்ள நிறைய இருக்கு. எத்தனை ஆயிரம் வருஷமா இந்த ஊர் மண்ணு வெயில் குடிச்சிருக்கும்? மேலாக்கதான் ஆறிப்போச்சு. அம்பது அடி கீழ போய்ப் பாருங்க, அங்க இன்னும் பழைய சித்திரை மாசம்தான்."

அது எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அடுக்ககத்துக்கு மூன்று போர்வெல்கள் இருந்தன. தண்ணீருக்காகத் தோண்டித் தோண்டி, கடைசியில் கைவிட்டவை. அவற்றுக்குள் வளைந்த குழாய்களை இறக்கினார்கள். குழாயில் ஒரு திரவம் கீழே போய் மண்ணின் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வரும். இயந்திரம் அதை அழுத்திப் பிழிந்து இன்னும் சூடாக்கி, தரைக்குக் கீழே பரப்பிய மெல்லிய குழாய்களில் ஓடும் தண்ணீருக்குக் கொடுத்துவிடும். மொசைக் தரையின் மேல் குழாய் போட்டு, அதன்மேல் புதிய டைல்ஸ் ஒட்டினார்கள். வேலை முடிந்த அன்று நான்கு மாடியிலும் பெரியவர்கள் சிறியவர்கள் எல்லோரும் செருப்பில்லாமல் வீடு முழுக்க நடந்தார்கள். குழலியின் கணவர் சம்பந்தம் பாலிடெக்னிக்கில் ஆசிரியர்; எதற்கும் எளிதில் மகிழாதவர். அவரே பாய்கூட இல்லாமல் தரையில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துச் சிரித்தார்.

அடுக்ககத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் லைன் வீடு. அதன் கடைசி வீட்டில் சபுரா இருந்தாள். குழலியும் அவளும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். சபுராவின் கணவர் காஜா மைதீன் பஞ்சு அடைத்து ரஜாய்ப் போர்வை தைப்பவர். குளிர் வந்த பிறகு அவர் தொழிலுக்கு ஏகப்பட்ட கிராக்கி. ஆனால் அத்தனை வருடப் பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கியிருந்தது. குளிர்ந்த காற்றை இழுத்தால் இருமல் பிடித்துக்கொள்ளும், விடாது. கரியடுப்பு மூட்டினாலும் மூச்சு நின்றுவிடுவது போல ஆகும். அதனால் அந்த லைன் வீட்டுக்காரர்களும் முற்றத்தில் கிடந்த பழைய கைப்பம்புக் குழியில் சின்னதாக ஒரு ஹீட் பம்ப் போட்டுக்கொண்டார்கள். சுவரோரமாக ஓடும் ஒற்றைக் குழாய்தான், ஆனாலும் அறை கதகதவென்று இருந்தது. முதல் குளிர்காலம் இரண்டு பக்கமும் நன்றாகவே போயிற்று.

இரண்டாவது கார்த்திகையில் சபுரா வீட்டுக் குழாய் ஆறத் தொடங்கியது.

முதலில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இயந்திரத்தில் வாயு குறைந்திருக்கும் என்று ஒருவர் நிரப்பிவிட்டுப் போனார். ஓட்டு இடுக்கில் குளிர் இறங்குகிறதென்று தார்ப்பாய் போட்டார்கள். மார்கழியில் குழாய், குடித்து மறந்துவிட்ட டீ போல இருந்தது. காஜா மைதீன் தைப்பதை நிறுத்திவிட்டு, தான் தைத்த ரஜாய்களையே இரண்டு மூன்றாகப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த லைன் வீட்டில்தான் யாரோ, பிளாட்டுக்காரர்கள் மூன்று குழி போட்டு உறிஞ்சுகிறார்கள், நமக்கு எங்கிருந்து வரும் என்று முதலில் சொன்னார்கள்.

குழலி சேதுநாராயணனைக் கூப்பிட்டுக் கேட்டாள். இருக்கலாம் என்றார். இல்லாமலும் இருக்கலாம் என்றார். குழிகளுக்கு நடுவே போதிய இடைவெளி இருக்கிறதென்று பார்த்துத்தான் போட்டேன், ஆனால் மண்ணுக்குள் என்ன நடக்கிறதென்று மேலே இருந்து எப்படிச் சொல்வது என்றார். வீட்டில் சம்பந்தம், நீ எதுக்கு மண்டையை உடைத்துக்கொள்கிறாய், தண்ணீருக்கும் இப்படித்தானே ஊர் முழுக்கச் சண்டை போட்டார்கள், யாருக்கு என்ன தெரிந்தது என்றார். பொருளாளர் துரைக்கண்ணு ஐயா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குச் சந்தேகமே இல்லை: நம் மனைக்குள் நம் குழி, நம் சூடு. குழலி அதையும் கேட்டுக்கொண்டாள். இரவில் வெதுவெதுப்பான தரையில் கால் வைக்கும்போதெல்லாம் யாரையோ மிதிப்பது போலிருந்தது. பகலில் அலுவலகத்தில் அதையே நினைத்துப் பார்த்தால், இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று தோன்றியது.

அலுவலகம் விட்டு வரும் வழியில் சபுரா வீட்டுக்குப் போய்க் குழாயைத் தொட்டுப் பார்ப்பது வழக்கமாயிற்று. பழமோ ரொட்டியோ வாங்கிப் போவாள். தொடுவாள். நேற்றைவிடப் பரவாயில்லை போலிருக்கிறதே என்பாள், அல்லது ஒன்றும் தெரியவில்லையே என்பாள். ஒருநாள் சபுரா வாசலை விட்டு நகராமல் நின்றாள்.

"தினமும் வந்து டாக்டர் நாடி பாக்கற மாதிரி குழாயைத் தொட்டுட்டுப் போற. தொட்டா சூடாயிடுமா?"

குழலி பழப்பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள்.

"உங்க மிஷின்தான் எடுக்குதுன்னா எடுக்குதுன்னு சொல்லு. இல்லன்னா இல்லன்னு சொல்லு. தெரியல தெரியலன்னு மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்து நிக்காதே. உன்னைப் பாத்தா எனக்குப் பாவமா இருக்கு. இந்தக் குளிர்ல எனக்கு எதுக்குடி உன்மேல பாவம் வரணும்?"

உள்ளே காஜா மைதீன் இருமினார். குழலி வாங்கிப்போன ஆரஞ்சுப் பழங்களை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

அடுத்த நாள் அவள் ஒரு காரியம் செய்தாள். பழுதுபார்ப்பதற்காக இயந்திரம் ஒரு வாரம் நிறுத்தப்படும் என்று லிஃப்டில் அறிவிப்பு ஒட்டினாள். பழுது ஒன்றுமில்லை. நம் இயந்திரம் நின்றால் சபுரா வீட்டுக் குழாய் சூடாகிறதா என்று பார்த்துவிடலாம், ஆகுமென்றால் ஆகும், ஆகாதென்றால் ஆகாது, ஒன்று தெரிந்துவிடும் என்று நினைத்தாள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி கூட்டம், மறுபடி ஆளுக்கொரு காரணம்.

தரை ஒரே நாளில் ஆறிவிட்டது. எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே ஸ்வெட்டரை எடுத்தார்கள். குழலி சபுரா வீட்டுக்குப் போகவில்லை. சுவரோரம் நின்று, அந்தப் பக்கம் துணி உலர்த்த வந்த ஒரு பெண்ணிடம், குழாய் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். அப்படியேதான் இருக்கிறதாம். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். வாரம் முடியும் தறுவாயில் குழலிக்கு ஒரு பெரிய நிம்மதி வந்தது, எடுப்பது நாமில்லை. அந்த நிம்மதி வந்த காலையில்தான் முதல் மாடியில் துரைக்கண்ணு ஐயா வீட்டுக் கதவில் தொங்கிய பையில் பால் பாக்கெட் எடுக்கப்படாமல் கிடந்ததைப் பார்த்தாள்.

அழைப்புமணியை அழுத்தினாள். கதவைத் தட்டினாள். நெடுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் அசைந்தது. கதவைத் திறந்த துரைக்கண்ணு, எதையோ சொல்ல வாயெடுத்து அப்படியே மடங்கி விழுந்தார். படுக்கையறை இருட்டாக இருந்தது. ஜன்னல் இடுக்கெல்லாம் துணி அடைத்து, நடுவில் ஒரு இரும்புச் சட்டியில் கரி கனன்று சாம்பலாகியிருந்தது. அவர் மனைவி லோகநாயகி கட்டிலில், கன்னம் சிவந்து, தூங்குவது போலக் கிடந்தார். குழலி ஜன்னல்களை உடைக்காத குறையாகத் திறந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது.

இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். கரி எரியும்போது வரும் வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை, மூடிய அறையில் அது மூச்சுக்காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று மருத்துவமனையில் விளக்கினார்கள். துரைக்கண்ணு ஐயா எழுந்து நடமாடினார். லோகநாயகிக்கு மட்டும் பாதிச் சொற்கள் தொலைந்துபோயின. தண்ணீர் கேட்க நினைத்தால் கை நீளும், சொல் வராது. அது மெதுவாகத் திரும்பலாம் என்றார்கள்.

குழலி மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது சேதுநாராயணன் வந்தார். இந்தச் செய்தி கேட்டு மனம் கேட்காமல், இரண்டு பக்கத்துக் குழிகளிலும் நீளமான கம்பியில் வெப்பமானியைக் கட்டி இறக்கிப் பார்த்ததாகச் சொன்னார். அவள், நாங்கள் எடுக்கவில்லை என்பதுதான் தெரிந்துவிட்டதே என்றாள். இயந்திரத்தை நிறுத்திப் பார்த்ததை முதன்முதலாக அவரிடம்தான் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் மேடம். வெயில் கொறஞ்சதுல நிலத்தடித் தண்ணி மேல ஏறியிருக்கு. அது நிக்கல, வாய்க்காலைப் பாத்து ஓடுது. ஓட்டம்னா ரொம்ப மெதுவான ஓட்டம். உங்க குழியில ஆறின தண்ணி அந்த லைன் வீட்டுக்குப் போய்ச் சேர ஒரு வருஷம் ஆகும். உங்க போன வருஷத்துக் குளிருதான் இப்ப அவங்க வீட்டுக்கு வந்திருக்கு. ஒரு வாரம் நிறுத்தி என்ன தெரியும்?"

அப்படியானால் எடுப்பது நாங்கள்தான் என்றாள் குழலி. ஆமாம் என்றார். நிறுத்தியும் பிரயோஜனமில்லை என்றாள். இந்த வருடத்துக்கு இல்லை என்றார். அவளுக்கு அழுகை வரவில்லை. தான் எங்கே சரியாக நினைத்தோம், எங்கே தப்பாக நினைத்தோம் என்று திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தாள். தப்பு என்று நினைத்த இடத்தில் சரியும், சரி என்று நினைத்த இடத்தில் தப்பும் இருந்தது.

கூட்டம் கூடியது. குழலி எழுந்து, இயந்திரம் பழுதாகவில்லை, நான்தான் நிறுத்தினேன் என்று சொன்னாள். ஏன் என்றும் சொன்னாள். கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். கனடாவில் தங்கை உள்ளவர், இதற்குப் பெயர் கொலை முயற்சி என்றார். சத்தம் அடங்கிய பிறகு துரைக்கண்ணு ஐயா குழலியைப் பார்த்தார்.

"ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க ரெண்டு பேரும் எங்க பொண்ணு வீட்டுக்குப் போயிருப்பமே. நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

அவர் நிச்சயம் வேண்டாமென்றுதான் சொல்லியிருப்பார். அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும், செயலாளர் பதவியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றாள் குழலி. உடனே, அடுத்த செயலாளர் யார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விலகும் பேச்சு அதோடு நின்றது.

லைன் வீட்டையும் நம் குழாயோடு சேர்த்துவிடலாம், எல்லோருக்கும் கொஞ்சம் குறையும், ஆனால் அவர்களுக்கும் கிடைக்கும் என்று சேதுநாராயணன் எடுத்துச் சொன்னபோது, நடக்காத காரியம் என்றுதான் குழலி நினைத்தாள். எழுந்து பேசியது துரைக்கண்ணு.

"சேத்துடுங்க. எவன் வீட்டுச் சூடு எவன் வீட்டுக்குப் போச்சுன்னு இனிமே யாரும் சோதனை பண்ண வேண்டாம். எங்க வீட்டுல ஒருத்தி என் பேரைச் சொல்லவே இன்னும் திணறிக்கிட்டு இருக்கா."

இரக்கத்தில் சொன்னாரா, அலுப்பில் சொன்னாரா, குழலியைக் குத்திக்காட்டச் சொன்னாரா என்று கடைசி வரை அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் அவர் சொன்ன பிறகு மறுத்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. பின்சுவரில் துளை போட்டுக் குழாய் இழுத்தார்கள். அடுக்ககத்தின் தரையில் பழைய கதகதப்பு இல்லை. காலுறை போட்டால் போதும் என்ற அளவுக்கு ஆனது. சபுரா வீட்டிலும் அதே அளவு. காஜா மைதீன் மாசிக்கு மேல் மறுபடி ஊசியைக் கையில் எடுத்தார். இருமல் முழுக்கப் போகவில்லை, இரவில் தூக்கம் மட்டும் வந்தது. சபுரா ஒருநாள் ஏனம் நிறைய, தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் கொண்டுவந்து கொடுத்தாள். பழைய பேச்சை இருவரும் எடுக்கவில்லை. லோகநாயகிக்குத் தண்ணீர் என்ற சொல் திரும்பி வந்தது. சாவி, தலையணை போன்றவை வரவில்லை.

அடுத்த மார்கழி வந்தது. ஒரு விடுமுறை நாள் காலையில், மங்கலாக அடித்த வெயிலைத் தேடி குழலியும் சபுராவும் அடுக்ககத்து வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் வந்து கேட் அருகே நின்றாள். சால்வையைத் தலையைச் சுற்றிக் கட்டியிருந்தாள். வாய்க்கால் கரையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் செங்கமலம். குழலி அவளிடம் துணி போட்டதில்லை, ஆனால் போகும்போது வரும்போது பார்த்திருக்கிறாள்.

இங்கே செகரட்டரி அம்மா யார் என்று அவள் கேட்டாள்.

குழலியின் கையிலிருந்த மொச்சை அப்படியே நின்றது. "உங்க வீட்டுக் குழாய் எப்பலேருந்து ஆறிப்போச்சு?" என்றாள்.

செங்கமலம் வியப்போடு பார்த்தாள். ஐப்பசி கடைசியிலிருந்து என்றாள். அவர்கள் சந்தில் எட்டுக் குடித்தனம் சேர்ந்து ஒரு குழி போட்டிருந்தார்கள். பொறியாளர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, மேட்டுப்பக்கம் இருக்கும் அடுக்ககத்தில் கேளுங்கள் என்றாராம். சண்டைக்கு வரவில்லை, கேட்கத்தான் வந்தேன் என்றாள்.

குழலி எழுவதற்குள் சபுரா பேசிவிட்டாள். "இதுக்கு மேல எங்கயும் குழாய் இழுக்க முடியாதும்மா. இருக்கிற சூடே எங்களுக்குப் பத்தல. எங்க வீட்டுல நெஞ்சு வியாதிக்காரரு இருக்காரு."

சொல்லிவிட்டு அவள் குழலியின் முகத்தைப் பார்க்காமல் மொச்சையை உரித்தாள். கைகள் மட்டும் வேகமாக இயங்கின. கோபம் வருமென்று குழலி ஒரு நொடி காத்திருந்தாள், வரவில்லை. சபுராவின் இடத்தில் இருந்தால் தானும் அதையே சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. தான் சொல்லியிருக்கமாட்டாள் என்றும் தோன்றியது. மடியிலிருந்த தோலை உதறிவிட்டு, வாங்க, முதல்ல போய்ப் பார்க்கலாம் என்று செங்கமலத்தோடு நடந்தாள்.

சந்து வாய்க்கால் கரையில் முடிந்தது. செங்கமலத்தின் வீட்டில் இரண்டு பிள்ளைகள் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். பகல் முழுக்கப் பெட்டியில் கரி போட்டுத் துணி தேய்ப்பவள், ராத்திரி அந்தக் கரியை வீட்டுக்குள் கொண்டுவரப் பயந்து வாசலிலேயே கொட்டிவிடுவதாகச் சொன்னாள். துரைக்கண்ணு வீட்டுக் கதை அந்தச் சந்து வரை வந்திருந்தது. குழலி சுவரோரம் குனிந்து குழாயைத் தொட்டாள். சில்லென்று இருந்தது.

கூட்டத்தில் பேசிப் பார்க்கிறேன் என்றாள். முடியும் என்று உறுதி சொல்ல முடியாது, சண்டை வரும், ஆனால் சேதுநாராயணனை அழைத்து இந்தச் சந்துக்கும் குழாய் நீட்ட வழியிருக்கிறதா என்று கேட்கிறேன் என்றாள். பேசப் பேசத் தன் குரலில் ஒரு உறுதி ஏறுவது அவளுக்கே தெரிந்தது. இந்த முறை யாரிடமும் மறைக்கப் போவதில்லை, எல்லோரையும் வைத்துக்கொண்டு செய்யலாம்.

செங்கமலம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். சால்வையை ஒருமுறை அவிழ்த்துக் கட்டினாள்.

"எங்களுக்கு இழுத்தா," என்றாள், "எங்களுக்கு அந்தாண்ட யாருக்குங்க ஆறும்?"

குழலி அவளையே பார்த்தாள். மூன்று வருடத்தில் எத்தனையோ கூட்டங்கள் நடந்திருந்தன. இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. சபுரா கேட்கவில்லை, துரைக்கண்ணு கேட்கவில்லை, சேதுநாராயணனும் எடுத்துச் சொல்லவில்லை. குழாய் இழுத்தபோது தனக்கும் தோன்றவில்லை. தண்ணீர் வாய்க்காலைப் பார்த்து ஓடுகிறது என்பது மட்டும் தெரியும். வாய்க்காலோடு நின்றுவிடுகிறதா, அதற்கு அடியில் புகுந்து அந்தக் கரைக்கும் போகிறதா? எதிர்க்கரையில் தகரக் கூரைகள் வரிசையாகத் தெரிந்தன. சிலவற்றிலிருந்து புகை வந்தது, சிலவற்றிலிருந்து வரவில்லை.

"தெரியல," என்றாள் குழலி.

செங்கமலம் பிள்ளைகளிடம் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னாள். அந்தக் கரையில் தனக்குத் துணி போடும் வீடுகள் கொஞ்சம் இருக்கின்றன, முகம் பழக்கம், கேட்டால் சொல்வார்கள் என்றாள். போய்ப் பார்த்துவிட்டு வந்து எங்கள் குழாயைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம் என்றாள்.

இருவரும் வாய்க்கால் பாலத்தைக் கடந்தார்கள். முதல் வீட்டுக் கதவைச் செங்கமலம்தான் தட்டினாள்.